தோட்டப் பட்டணத்தில் ஆட்களை வரைய: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் உட்கார்ந்து, அன்றாடம் கண்ணில் படுகிற ஆட்களை வரைய வேண்டும், வரைந்ததை ஒரு சின்னக் கண்காட்சியாகவோ கையடக்கப் புத்தகமாகவோ கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரையக் கற்றுக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் நுழைய யாருக்குக் கடிதம் எழுதுவது, எந்தத் தேதியில் போனால் ஆட்கள் கிடைப்பார்கள், எவ்வளவு செலவாகும் என்று சொல்லத்தான் ஆளில்லை. ஒரே ஒரு அனுமதிக் கடிதத்துக்காக நான் அலைந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம்.

1. எதைப் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சுருக்கம் விழுந்த முகம், வெற்றிலை போட்ட வாய் என்று தேடிப் போகாதீர்கள். அப்படி வரைந்த படங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவர் முகம் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. உடம்பு சொல்லிவிடும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். இந்த நான்கையும் பிடித்துவிட்டால் முகம் வரையாமலே படம் பேசும்.

காலை பத்தரை மணிக்கு ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மேசையில் குத்தகையாளர் ஒருவர் இருப்பார். நாற்காலியை நடைபாதை வரைக்கும் பின்னால் இழுத்துப் போட்டு, முட்டியை அகட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு கைப்பேசி, சாவிக்கொத்து, சிகரெட் பெட்டி, மடித்த பத்திரிகை எல்லாம் சேர்ந்து மேசையில் பாதியை அடைத்திருக்கும். அடுத்த மேசையில் அவரிடம் வேலை செய்பவர்கள் ஆறு பேர், நான்கு பேருக்கான மேசையைச் சுற்றி. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். மேசைமேல் தேநீர்க் கிளாஸ்களைத் தவிர வேறொன்றும் இராது. சாவி, கைப்பேசி, சில்லறை எல்லாம் சட்டைப்பையில். குத்தகையாளர் எழுந்தால் ஆறு பேரும் எழுவார்கள். குடித்து முடித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு மேசையையும் ஒரே தாளில் வரையுங்கள். நாற்காலிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மட்டும் சரியாக அளந்தால் போதும்.

2. சாமான்: 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்டுக்குள்) முடித்துக்கொள்ளுங்கள்

2பி, 4பி பென்சில்கள், ஒன்று 1 அல்லது 2 வெள்ளி. தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு ஜெல் பேனா, 3 அல்லது 4 வெள்ளி. ஏ5 அளவில் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் உள்ள வரைபுத்தகம், 10 முதல் 20 வெள்ளி. வண்ணம் தீட்டுவதாக இருந்தால் தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. ஆனால் முதல் சில மாதங்களுக்கு வண்ணம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மடக்கு முக்காலி ஒன்று இருந்தால் நல்லது. பட்டணத்துப் புத்தகக் கடையிலேயே பெரும்பாலானவை கிடைக்கும். நல்ல தாள்தான் வேண்டும் என்றால் பக்கத்து நகரமான ஈப்போவுக்குப் போக வேண்டும்.

விலையுயர்ந்த சாமானைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 80 வெள்ளி வரைபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரை வரைந்தால், அவருடைய ஒரு நாள் கூலிக்கு மேல் உங்கள் மடியில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருக்கிற புத்தகத்தைத்தான் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது.

3. நேரம்

வெளியூரிலிருந்து வருபவர்கள் பத்து மணிக்கு மேல் வந்து இறங்கி, "தோட்டத்தில் ஆளே இல்லையே" என்பார்கள். தோட்டத்தின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுபவர்கள் இருட்டிலேயே நெற்றியில் விளக்கோடு தங்கள் மர நிரைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். மரத்தில் கட்டிய மங்கிலிருந்து (கிண்ணத்திலிருந்து) பாலை எடுத்து நிறுப்பதற்குக் கொண்டுவருவது முற்பகலில். புதியவர்களுக்கு அந்த நிறுவை நேரம்தான் நல்லது. வெளிச்சம் இருக்கும், ஆட்கள் ஓர் இடத்தில் நிற்பார்கள். தராசைப் பார்க்கிற கண்கள், எழுதுகிறவரின் பேனா, தன் முறைக்கு நிற்பவரின் இடுப்பில் ஊன்றிய கை என்று எல்லாம் ஒரே சட்டத்தில் கிடைக்கும். முதல் நாள் இரவு மழை பெய்து மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை, நீங்களும் போக வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காலம். பால் குறையும், வெட்டும் குறையும். ரப்பர் வரைய அந்த மாதங்களை ஒதுக்காதீர்கள்.

செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) அப்படிக் கிடையாது. ஆண்டு முழுக்கக் குலை உண்டு. காலை பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் பிரிந்து போன பிறகு பிற்பகல் வரை வேலை நடக்கும்.

பட்டணத்துக்குள் வரைவதற்குச் சம்பள வாரத்தைப் பிடியுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாவது நாளுக்குள் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அதனால் மாதம் 7ஆம் தேதியை ஒட்டிய மாலைகளில் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசை நிற்கும். பணம் அனுப்பும் கடை, கைப்பேசிக் கடை, மளிகைக் கடையில் பழைய கணக்குத் தீர்ப்பது எல்லாம் அந்த நாட்களில்தான். 20ஆம் தேதிக்கு மேல் அதே தெருவுக்குப் போனால் அடகுக் கடை வாசலில்தான் ஆள் இருக்கும். ஒரே தெரு, ஒரே ஆட்கள், இரண்டு தேதி. இரண்டையும் வரைந்து வையுங்கள்.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கூடுகிற நாள் கை பழகுவதற்கு நல்லது. கூட்டத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

4. அனுமதி: இங்கேதான் நாள் போகும்

சாலையோரம், கோப்பிக் கடை, பஸ் நிலையம், சந்தை ஆகிய இடங்களில் வரையக் கடிதம் எதுவும் தேவையில்லை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சரி. துப்பாக்கி ஏந்திய ஆளின் உருவம் போட்ட 'கவாசான் லாராங்கான்' (தடை செய்யப்பட்ட பகுதி) பலகை இருக்கும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

தோட்டம் தனியார் நிலம். கடிதம் இல்லாமல் உள்ளே போனால் காவலாளி திருப்பி அனுப்புவார். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, உங்களை விட்டால் அவர் வேலைதான் போகும்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். தோட்ட நிர்வாகியின் பெயர் தெரியாவிட்டால் 'பெங்குருஸ் லாடாங்' (தோட்ட நிர்வாகி) என்று போட்டாலே போதும். தலைப்பில் 'பெர்மொஹோனான் கெபெனாரான் மெலாகார்' (வரைய அனுமதி கோரும் விண்ணப்பம்) என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை:

- உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், முகவரி
- எந்த எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை
- எந்தப் பகுதி: பெரட்டுக் களமா, நிறுவை இடமா, லயத்துப் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பக்கமா
- படம் பிடிக்க மாட்டேன், ஒலிப்பதிவு செய்ய மாட்டேன் என்ற உறுதி
- காலணி, தலைக்கவசம் அணிவேன், அடிபட்டால் பொறுப்பு என்னுடையது என்ற ஒரு வரி

இதோடு அடையாள அட்டை நகல், நீங்கள் வரைந்த படம் இரண்டின் நகல், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியோ ஆலய நிர்வாகமோ வாசகசாலையோ கொடுத்த ஆதரவுக் கடிதம் ஒன்று. இந்தக் கடைசிக் கடிதம்தான் கதவைத் திறக்கும். அது இல்லாமல் போனால், நீங்கள் பத்திரிகைக்காரரோ தொழிற்சங்கத்து ஆளோ என்று சந்தேகப்படுவார்கள். மாதிரிப் படமாக எதை இணைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஒழுகுகிற கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தை வைத்தால் அனுமதி வராது. சந்தையில் மீன் வாங்குகிற படத்தை வையுங்கள்.

பெரிய நிறுவனத்துத் தோட்டம் என்றால் அங்கே இருக்கும் நிர்வாகியே முடிவு சொல்ல முடியாது. கடிதம் தலைமையகத்துக்குப் போகும். எனக்கு ஓர் அலுவலகத்தில் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். மேலே கேட்டால் "தோட்டத்திலேயே முடிவெடுக்கலாமே" என்றார்கள். இரண்டும் எழுத்தில் கிடையாது. ஆகவே கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த நகலைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு மாதமாவது ஆகும் என்று எடுத்துக்கொண்டால் எரிச்சல் இருக்காது. செலவு என்று பார்த்தால் நகலெடுப்புக்கும் பெட்ரோலுக்கும்தான்.

அந்த இரண்டு மாதத்தில் சும்மா இருக்க வேண்டாம். சிறுதோட்டக்காரர்களைப் பிடியுங்கள். பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ வைத்திருப்பவரிடம் கடிதமே வேண்டாம். "அண்ணே, ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். அவரே வெட்டி, அவரே தூக்கி, அவரே கணக்கும் எழுதுவார். முதலாளியின் உடம்பும் தொழிலாளியின் உடம்பும் ஒன்றாக இருக்கிற அந்த ஆளைக் கம்பெனித் தோட்டத்தில் பார்க்கவே முடியாது.

இப்போது முக்கியமான பொறி. நிர்வாகி அனுமதி கொடுத்துவிட்டார் என்பதற்காக, வேலை செய்பவரும் அனுமதி கொடுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "துரை சொன்னாங்களாம்" என்ற பேச்சு வந்துவிட்டால் அவரால் மறுக்கவும் முடியாது. ஒவ்வொருவரிடமும் தனியாக, தண்டல் (வேலையைக் கண்காணிப்பவர்) பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், வேண்டாம் என்று அர்த்தம்.

வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இன்று தோட்டங்களில் நிறைய. புத்தகத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்து தங்களைப் பார்த்து ஏதோ எழுதுகிறார் என்றால், முதலில் அவர்களுக்கு இமிகிரேஷன் (குடிநுழைவுத் துறை) ஞாபகம்தான் வரும். நேராகப் போய்ப் பக்கங்களைப் புரட்டிக் காட்டுங்கள். முகத்தை அடையாளம் தெரியும்படி வரையாதீர்கள். பெயர், ஊர், தங்குமிடம் எதையும் படத்தில் குறிக்காதீர்கள்.

பள்ளி மாணவர்கள் என்றால் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அது பெரிய வேலை. முதல் தொகுப்பில் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

5. வரையும் வரிசை

வரிசையில் நிற்பவர் உங்களுக்குத் தருவது ஒன்று அல்லது இரண்டு நிமிடம். அதற்குள் முகத்திலிருந்து தொடங்கினால் மூக்கு முடிவதற்குள் ஆள் போய்விடுவார்.

முதலில் பாரம் எங்கே என்று பாருங்கள். பிறகு தோள்கோடு. அதன் பிறகு இடுப்பு, எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்பது. அப்புறம் பாதமும் கையும். நேரம் இருந்தால் முகம்.

குலை வெட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான மரம் என்றால் நீண்ட கம்பின் நுனியில் அரிவாள், இளமரம் என்றால் உளி. உயர மரத்துக்காரருக்குக் கழுத்து நாள் முழுக்கப் பின்னால் சாய்ந்தே இருக்கும். வேலை முடிந்து நடந்து வரும்போதும் தாடை கொஞ்சம் தூக்கியே இருக்கும். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்று வரைந்துவிடுவார்கள். குலை ஒன்று 10 கிலோவுக்கும் இருக்கும், 25 கிலோவுக்கும் இருக்கும். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றுபவருக்கு முதுகு வளையாது, முட்டி மடியும். உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாமார்களுக்கு நேர்மாறு. முட்டி நீட்டியபடி இடுப்பிலிருந்து நேராகக் குனிந்திருப்பார்கள், மணிக்கணக்கில். நிமிரும்போது ஒரு கை தானாகவே இடுப்பின் பின்புறம் போகும். அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, பெட்ரோல் தொட்டியின் மேல் புத்தகம் வைத்து எழுதுவார். மூவரையும் ஒரே பக்கத்தில் போட்டால் பழம் பொறுக்குகிறவரின் தலை, மேற்பார்வையாளரின் முட்டி உயரத்தில் வரும். அதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள், கண்ணில் பட்டது அதுதான்.

பாதுகாப்பு ஒரு வரி: வெட்டுபவர் கை காட்டுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் உட்காராதீர்கள். மட்டையில் முள் இருக்கிறது, குலை எந்தப் பக்கம் விழும் என்று அவருக்குத்தான் தெரியும்.

காத்திருப்பவர்களை வரைய அரசாங்க கிளினிக்கும் அஞ்சலகமும் போதும். கிளினிக்கில் நோயாளி முகம் தெரியவே கூடாது, முதுகுப் பக்கம் உட்காருங்கள். எண் சீட்டைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பழக்கப்பட்டவர் மடித்துப் பையில் போட்டிருப்பார். கூப்பிடுவது தனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று பயப்படுபவர் இரண்டு விரலால் நீட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பார். படிவம் நிரப்பத் தெரியாதவர் பேனா கேட்க மாட்டார். பக்கத்தில் யாராவது எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்து, அவரையே எழுதித் தரச் சொல்வார்.

கை பழகுவதற்குத் தமிழ்நாட்டு ஓவியர் கோபுலுவின் கோட்டுச் சித்திரங்களையும் பேராக்கில் பிறந்த லாட்டின் கேலிச்சித்திரங்களையும் பார்த்து வரைந்து பாருங்கள். இருவருமே ஆளின் நிலைமையை நிற்கும் விதத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

6. உடுப்பை நம்பாதீர்கள்

புதியவர்கள் வழுக்குகிற இடம் இது. கிழிந்த சட்டை ஏழை, இஸ்திரி போட்ட சட்டை பணக்காரர் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கட்சிச் சின்னம் போட்ட டீ சட்டையைத் தேர்தல் காலத்தில் எல்லாருக்கும்தான் கொடுத்தார்கள். மோட்டாரில் போகிறவர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பது வறுமையோ வேடிக்கையோ கிடையாது, காற்றுக்கும் பூச்சிக்கும் அதுதான் வசதி. பேராசிரியர் மகனும் அப்படித்தான் போடுவான். கழுத்தில் தடித்த சங்கிலி இருந்தால் வசதியான வீடு என்று முடிவு கட்டாதீர்கள். பல குடும்பங்களுக்குச் சேமிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் அந்தக் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். நான்கு லோரி ஓட்டுகிற ஆள் ரப்பர் ஜப்பான் செருப்போடு, பொத்தான் போடாத சட்டையோடு திரிவார், அவருக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற கிராணியோ (தோட்ட அலுவலக எழுத்தர்) சட்டைப்பையில் இன்றும் இரண்டு பேனா குத்தியிருப்பார். மை இருக்கிறதோ இல்லையோ.

ஆகவே உடுப்போடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள்: அதைப் பற்றி அவருக்கு எவ்வளவு கவலை இருக்கிறது. உட்காருமுன் நாற்காலியைத் துடைக்கிறாரா? காலணியை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விடுகிறாரா, உதறிவிட்டுப் போகிறாரா?

இன்னொரு பொறி, 'மாதிரி' வரைவது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டிலும் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்களுக்காகத் தொகுதி தொகுதியாக வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆணும் பெண்ணும், கையில் தொழிற்கருவி, சாதியும் தொழிலும் சொல்கிற குறிப்பு. வேலைப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் அதில் குயவர் இருக்கிறார், இன்ன குயவர் என்று ஒருவரும் இல்லை. உங்கள் புத்தகத்தில் 'பால் வெட்டும் பெண்', 'செக்யூரிட்டி' என்று தலைப்பு எழுதத் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள். அதற்குப் பதிலாக இடம், நேரம், அந்த நொடியில் அவர் செய்தது ஆகியவற்றை எழுதுங்கள்: 'நிறுவை இடம், 10.40, தராசு முள் நிற்பதற்கு முன்பே வாளியை எடுக்கச் சொன்னார்கள்.'

7. மேலே இருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள்

மூன்று மாதம் வரைந்த பிறகு புத்தகத்தைப் புரட்டினால் கூலிக்காரர்களும் முதியவர்களும்தான் இருப்பார்கள். வசதியானவர்கள் காணாமல் போயிருப்பார்கள். அவர்கள் தெருவில் நிற்பதில்லை, வரிசையில் நிற்பதில்லை, கறுப்புக் கண்ணாடி போட்ட காருக்குள் இருக்கிறார்கள். ஏழைகளை மட்டும் வரைந்துவிட்டு வர்க்கத்தை வரைந்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு எதையும் நிறுக்காது.

அவர்கள் வெளியே வரும் இடங்கள் கொஞ்சம்தான். ஆலயத் திருவிழா மேடை, பள்ளிப் பரிசளிப்பு விழா, கல்யாண மண்டபத்தின் முன்வரிசை. முன்வரிசை நாற்காலிக்கு மட்டும் துணி உறை போட்டிருப்பார்கள், தண்ணீர்ப் போத்தல் அங்கே மட்டும்தான் இருக்கும். மாலை போடுபவர் குனிவார், வாங்குபவர் குனிவதில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி ஓரமாக உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். ஆலயத்தில் செயலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டாலே போதும். மூலஸ்தானத்தை வரையாதீர்கள், பூசை நேரத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

8. வரைந்ததை அவரிடம் காட்டுங்கள்

கட்டாயம். அங்கேயே, அப்போதே. அந்தப் பேச்சில்தான் நமக்குத் தெரியாதது வரும்.

உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "பூட்ஸ சரியா வரை தம்பி, போன வாரம்தான் புதுசு வாங்குனேன்" என்றார். அப்புறம், "இந்த உடுப்புல என்னத்துக்கு? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சேலை கட்டிட்டு நிக்கிறேன், அப்ப வரை" என்றார்.

இது அடிக்கடி வரும். மறுக்காதீர்கள். நாம் பார்க்கிற அவர் ஒன்று, தன்னை அவர் வைத்திருக்கிற இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை போய் வரையுங்கள். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டி, எதை வெளியே காட்டலாம் என்று அவரையே கேளுங்கள். அந்த அம்மா இரண்டையும் வைக்கச் சொன்னார். இன்னொருவர் வேலைப் படத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

நகல் ஒன்று கொடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை நகலுக்கு 10, 20 காசுதான். மூலப்படம் உங்களிடம் இருக்கட்டும். படத்தின் பின்னால் தேதி, இடம், 'காட்டலாம்' அல்லது 'காட்ட வேண்டாம்' என்று குறித்து, அவர் விருப்பப்பட்டால் ஒரு கையெழுத்து. வரைந்ததற்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அந்த நேரத்துக் கூலி அவருக்கு நட்டமாகிறது என்றால் கொடுங்கள். மற்றபடி ஒரு பசியாறல் வாங்கிக் கொடுப்பதே முறையாக இருக்கும்.

9. கண்காட்சி

பெரிய மண்டபம் தேடாதீர்கள். தமிழ்ப்பள்ளி, ஆலய மண்டபம், நூலகம், இந்த வரிசையில் கேளுங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் இலவசம் அல்லது மின்சாரக் கட்டணம் மட்டும். பொதுமண்டபம் வேண்டுமானால் உள்ளாட்சி அலுவலகத்தில் படிவம், அடையாள அட்டை நகல், வாடகை, பிறகு திரும்பக் கிடைக்கும் முன்பணம் எல்லாம் கொடுக்க வேண்டும். முன்பணம் திரும்பி வரச் சில வாரம் ஆகும், ரசீதைத் தொலைக்காதீர்கள். குறைந்தது ஆறு வாரம் முன்பே பதியுங்கள். தீபாவளிக்கு முந்திய மாதமும் கல்யாண முகூர்த்த வாரக் கடைசிகளும் கிடைக்காது.

சட்டம் போடுவதில் காசைக் கொட்டாதீர்கள். ஏ4 சட்டம் ஒன்று 15 வெள்ளி என்றாலும் முப்பது படத்துக்கு 450 வெள்ளி. கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் மாட்டினால் 30 வெள்ளிக்குள் முடியும். மூலத்தை மாட்டாமல், ஏ3 அளவில் பெருக்கிய நகலை மாட்டுங்கள். பென்சில் படத்தின் மேல் விரல் பட்டால் அழிந்துவிடும், வருகிறவர்கள் தொட்டுத்தான் பார்ப்பார்கள்.

உயரம் பாருங்கள். வேலைக்காரர் படங்களைக் கீழ்வரிசையிலும் மேடைக்காரர் படங்களை மேல்வரிசையிலும் மாட்டிவிடப் போகிறீர்கள். எல்லாம் ஒரே கண்மட்டம். திறக்கும் நேரத்தை ஞாயிறு காலையில் வையுங்கள், சனிக்கிழமை வேலை இருக்கும். திறப்பு விழாவுக்குப் பிரமுகர் கூப்பிட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். கூப்பிட்டால் முன்வரிசை நாற்காலிக்கு உறை போட வேண்டிவரும்.

10. புத்தகமாகப் போட

படங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள், கைப்பேசிப் படம் அச்சில் சாம்பலாக வரும். ஏ5 அளவில் நாற்பது பக்கம், கறுப்பு வெள்ளை, நூறு பிரதி என்றால் எனக்குச் சொன்ன விலை பிரதிக்கு 6 முதல் 10 வெள்ளி. மூன்று இடத்தில் கேளுங்கள். மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். அச்சுக்கு இரண்டு வாரம் என்பார்கள், மூன்றாகும்.

ஐஎஸ்பிஎன் எண்ணை (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) தேசிய நூலகம் கொடுக்கிறது, இலவசம். அட்டை அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள், பிறகு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி ஆகியவை புத்தகத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு முகவரி போட விருப்பமில்லை என்றால் ஏதாவது வாசகசாலையோடு சேர்ந்து வெளியிடுங்கள்.

வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், 1986ஆம் ஆண்டின் சட்டம் அப்படி. ஆகவே நூறு அச்சிட்டால் விற்க நூறு இல்லை. ஐந்து நூலகத்துக்கு, படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஆதரவுக் கடிதம் கொடுத்தவர்களுக்கு ஒன்று, தோட்ட அலுவலகத்துக்கு ஒன்று. விலை போடும்போது இதையெல்லாம் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். நூலகத்துக்கு அனுப்புவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதக் கோப்பிலேயே வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்குரிய பிரதிகளைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். லயத்து வீடுகளுக்குத் தபால் பெரும்பாலும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் போகும்.